அறுந்து கிடக்கும் மின்கம்பியில் தீப்பொறி இல்லையென்றால் தாண்டிப் போகலாமா?

கூடாது. மின்சாரம் ஓடும் கம்பி பல நேரங்களில் சத்தமோ பொறியோ இல்லாமல் செத்த பாம்பு போலத்தான் கிடக்கும். தெரு முழுக்க இருட்டாக இருப்பதும் நம்பத்தக்க அடையாளம் அல்ல. துண்டிக்கப்பட்ட மின்தடத்தை நொடிகளில் தானாகவே மீண்டும் இணைக்கும் கருவிகள் உண்டு. யாரோ ஓட்டும் ஜெனரேட்டரிலிருந்தும் மின்சாரம் திரும்பி வரலாம்.

கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இந்த எண்ணம்தான். கம்பி தொடும் இடத்திலிருந்து மின்சாரம் மண்ணில் பரவுகிறது. விலக விலக மின்னழுத்தம் குறைகிறது. நீங்கள் அகலமாக ஓர் அடி எடுத்து வைத்தால் இரு பாதங்களுக்கும் இடையே அழுத்த வேறுபாடு உண்டாகி, மின்சாரம் ஒரு கால் வழியே ஏறி மறுகால் வழியே இறங்கும். ஆகவே குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். தேங்கிய நீரும் கம்பிவேலியும் இருந்தால் இன்னும் தூரம் வேண்டும். தெரியாமல் அருகில் போய்விட்டால் ஓடாதீர்கள். பாதங்களைச் சேர்த்து, தரையைவிட்டுத் தூக்காமல், ஒரு குதிகால் மறுகாலின் விரல்களைத் தாண்டாதபடி தேய்த்துத் தேய்த்து விலகுங்கள்.

கார் மீது கம்பி விழுந்தால் உள்ளேயே இருங்கள். தீப்பிடித்தால் மட்டும், காரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரு கால்களையும் சேர்த்து வெளியே குதிக்க வேண்டும்.

அடிபட்டுக் கிடப்பவர் உங்கள் சொந்தப் பிள்ளையே ஆனாலும், மின்சாரம் துண்டிக்கப்பட்டதை மின்வாரிய ஊழியர் உறுதிசெய்யும்வரை நெருங்காதீர்கள். ஈரக் கம்பும் மின்சாரத்தைக் கடத்தும். உடனே மின்வாரியத்தையும் அவசர உதவியையும் அழையுங்கள். அந்தப் பக்கம் வருபவர்களைத் தூரத்திலிருந்தே கத்தித் தடுத்து நிறுத்துங்கள்.