நிலக்கரி, பெட்ரோல், மின்சாரம்: கணக்குப் போட்டுப் பார்த்தால்

எரிபொருள் மாற்றம் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு மின்துறைப் பொறியாளர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி: ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோதான் இருக்கும். அது எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வரும் என்கிறார்கள். கணக்கு எங்கோ உதைக்கிறதே?

பதில்: உதைக்கவில்லை. மீதி எடை காற்றிலிருந்து வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் கார்பன் மட்டும் சுமார் 640 கிராம். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்ளும். கார்பனின் எடை 12, இரண்டு ஆக்சிஜன் 32, ஆக 44. 640-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்துப் பாருங்கள், 2,350 கிராமுக்குப் பக்கத்தில் வரும். டீசல் அடர்த்தி கூடியது, லிட்டருக்கு 2.7 கிலோ வரை போகும்.

கேள்வி: சார், நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்து அதில் கார் ஓட்டினால் புகை இடம் மாறுகிறது, அவ்வளவுதானே?

பதில்: முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றால் நீங்கள் சொல்வது ஏறக்குறைய சரி. மின்கார் ஆர்வலர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள்.

100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். புகைக்குழாயில் 14 கிலோ. எண்ணெய் எடுத்து, சுத்திகரித்து, கொண்டுவந்து சேர்ப்பதில் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு. மொத்தம் 17 கிலோ. அதே அளவு மின்கார் 15 யூனிட் இழுக்கும். கம்பியிலும் சார்ஜரிலும் வீணாவதைச் சேர்த்தால் மின்நிலையத்தில் 18 யூனிட் உற்பத்தியாக வேண்டும். நிலக்கரிக்கு யூனிட்டுக்கு 950 கிராம் என்று வைத்தால் அதுவும் 17 கிலோதான்.

மின்தொகுப்பில் பாதி, காற்றாலை, சூரியசக்தி, நீர்மின்சாரம் என்று ஆகிவிட்டால் மின்காரின் கணக்கு 9 கிலோவுக்கு இறங்கிவிடும். பெட்ரோல் காருக்குப் பத்து வருடம் கழித்தும் அதே 17. வயதாக ஆகப் புகை குறையும் வண்டி மின்கார் மட்டும்தான்.

கேள்வி: பேட்டரி செய்யும்போது வரும் புகையை விட்டுவிட்டீர்களே?

பதில்: நியாயமான கேள்வி. ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 60 முதல் 100 கிலோ வரை கரியமில வாயு என்று வைக்கலாம். 40 யூனிட் பேட்டரிக்கு 2.4 முதல் 4 டன். மேலே சொன்ன பாதிக்குப் பாதி மின்சாரத்தில் கிலோமீட்டருக்கு 80 கிராம் மிச்சம். அப்படியானால் 30,000 முதல் 50,000 கிலோமீட்டருக்குள் கடன் தீர்ந்துவிடும். வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர்கூட ஓட்டாதவர் இப்போதே அவசரப்பட்டு மாற்றத் தேவையில்லை. ஓடும் பழைய வண்டியை ஓட்டித் தீர்க்கலாம்.

கேள்வி: கேஸ் அடுப்பை விட்டு இண்டக்ஷனுக்கு மாறினால் கரியமில வாயு குறையுமா?

பதில்: அது உங்கள் மின்சாரத்தைப் பொறுத்தது. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் 3 கிலோ கரியமில வாயு. அதில் வெப்பமாக 12.7 யூனிட் இருக்கிறது. ஆனால் கேஸ் அடுப்பில் அதில் நூற்றுக்கு நாற்பது பங்குதான் பாத்திரத்துக்குள் இறங்கும், மிச்சம் ஓரம் வழியாகப் போய்விடும். ஆக உருப்படியாகக் கிடைப்பது 5 யூனிட். இண்டக்ஷனில் அதே வெப்பத்துக்கு 6 யூனிட் மின்சாரம் போதும். மின்சாரம் யூனிட்டுக்கு 500 கிராம் விட்டால் இரண்டும் சமம். அதற்குக் கீழே இண்டக்ஷன் ஜெயிக்கும், மேலே போனால் கேஸ்.

கரியமில வாயு எப்படியிருந்தாலும், சமையலறைக் காற்றுக்கு இண்டக்ஷன்தான் நல்லது. தீ இல்லாததால் நைட்ரஜன் டை ஆக்சைடு இல்லை. வாங்குமுன் இரண்டு விஷயம் பாருங்கள். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா? 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் இழுக்கும், அதைச் செருகும் இடம் தாங்குமா? சின்ன 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் சூடேறி இளகிப்போகும்.

கேள்வி: சூரியன்தான் சூடாகிறது என்கிறார் உறவினர் ஒருவர். என்ன சொல்லட்டும்?

பதில்: தரையோரக் காற்று சூடாகும்போது வெகு உயரத்தில் உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற காற்றடுக்கு குளிர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள். சூரியன் காரணமென்றால் இரண்டும் சேர்ந்து சூடாக வேண்டும். கரியமில வாயு கூடினால் மேலடுக்கு குளிரும் என்று காலநிலை விஞ்ஞானிகள் மனாபேயும் வெதரால்டும் 1967-லேயே கணித்துச் சொல்லிவிட்டார்கள். மனாபேக்கு 2021-இல் நோபல் பரிசு.

கேள்வி: 1.5 டிகிரியைத் தாண்டிவிட்டால் இனி என்ன செய்தும் பயனில்லை என்று படித்ததிலிருந்து தூக்கம் வருவதில்லை.

பதில்: தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். இந்த விஷயத்தில் அந்தப் பழமொழி பொருந்தாது. 1.5 என்பது, தொழிற்புரட்சிக்கு முன்பு இருந்ததைவிடப் பூமியின் சராசரி வெப்பம் இதற்கு மேல் ஏறாமல் பார்க்க 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் நாடுகள் வைத்துக்கொண்ட இலக்கு. 1.49-இல் எல்லோரும் பிழைத்து 1.51-இல் அழிவதில்லை. வெப்பம், இதுவரை நாம் விட்ட கரியமில வாயுவின் மொத்தத்தோடு கூடவே ஏறுகிறது. ஒரு லட்சம் கோடி டன் கரியமில வாயுவுக்குச் சுமார் 0.45 டிகிரி. இப்போது வருடத்துக்கு ஏறத்தாழ 4,000 கோடி டன் விடுகிறோம், அதாவது 0.02 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. விடுவதைப் பூஜ்யமாக்கினால் ஏற்றம் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடும். கீழே மட்டும் இறங்காது, கடல்மட்டமும் நெடுங்காலம் உயர்ந்துகொண்டே போகும். அந்தக் கவலை நியாயமானது.

கேள்வி: சாயங்காலம் சோலார் படுத்துவிடும். அப்புறம் நிலக்கரியை எப்படி நிறுத்துவது?

பதில்: சிக்கல் இரவு முழுவதும் அல்ல. சூரியன் சாயும் அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் உயிரை வாங்கும். ஒரு பக்கம் உற்பத்தி சரியும், மறுபக்கம் விளக்கும் அடுப்பும் ஏறும். ஆறிப்போன கொதிகலனைச் சூடாக்கி மின்சாரம் எடுக்கப் பல மணி நேரம் ஆகும். அதனால் சாயங்காலத்துக்காகப் பகலெல்லாம் அதைக் குறைந்த சுமையில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான்கு மணி நேரப் பேட்டரி அந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. மேலணைக்கு நீரேற்றிப் பிறகு இறக்கும் திட்டங்களில் போட்டதில் நூற்றுக்கு 70 முதல் 80 வரை திரும்பக் கிடைக்கும்.

நடக்காத காரியமும் இல்லை. 1882-இல் லண்டனில் நிலக்கரி மின்நிலையத்தைத் தொடங்கிய பிரிட்டன், கடைசி நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது.

கேள்வி: வீட்டுக் கூரையில் சோலார் போட்டேன். நல்ல வெயிலில் கரண்ட் போனால் வீட்டிலும் போய்விடுகிறது. பேனல் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வெளிக்கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் பேனல் தெருக்கம்பிக்கு மின்சாரம் ஏற்றும், பழுது பார்க்க ஏறியவர் உயிர் போகும். கரண்ட் போனாலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும், அது முதலில் வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து துண்டித்துவிடும். விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ் ஆகியவற்றைத் தனிச் சுற்றாகப் பிரித்து அதில் கொடுங்கள். தண்ணீர் மோட்டாரைச் சேர்க்காதீர்கள். ஓடும்போது 750 வாட் எடுக்கும் மோட்டார், கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுத்து இன்வெர்ட்டரையே விழவைக்கும்.