மூட்டில் ஊசி போட்டால் தயிர், முட்டையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு 54 வயது, 60 கிலோ எடை. பாபநாசம் பக்கம் நடவு, களை வேலைக்குப் போகிறேன். இரண்டு வருடமாக வலது முழங்காலில் ஜவ்வு வலி. தஞ்சாவூரில் ஒரு டாக்டர் 'குளுக்கோஸ் ஊசி' மாதம் ஒன்றாக நான்கு போட வேண்டும் என்றார். முதல் ஊசி போட்டாயிற்று. வெளியே வந்ததும் ஒருவர் ஒரு தாளைக் கொடுத்து, தயிர், முட்டை, மீன், பயறு, உருளைக்கிழங்கு, புளி எதுவும் கூடாது என்றார். கூடவே மூட்டுப் பவுடர் ஒரு டப்பா, 2,800 ரூபாய். எனக்குச் சர்க்கரையும் இருக்கிறது. என்னதான் சாப்பிடுவது?

பதில்: அம்மா, அந்தத் தாளை நானும் பார்த்திருக்கிறேன். நகலுக்கு நகல் எடுத்து எழுத்தே மங்கிப்போயிருக்கும். அடியில் பவுடர்காரரின் செல் நம்பர் மட்டும் பளிச்சென்று தெரியும். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மேலே படியுங்கள்.

உங்களுக்குப் போட்டதற்குப் பெயர் புரோலோதெரபி. அடர்த்தியான குளுக்கோஸ் தண்ணீரை ஜவ்வு எலும்போடு ஒட்டுகிற இடத்தில் ஏற்றி, வேண்டுமென்றே லேசாகச் சீண்டிவிடுவது. அங்கே ஏதோ பழுது என்று உடம்பு ஆள் அனுப்பிப் புது நார் கட்டும் என்பது கணக்கு. வாய்க்கால் கரை உடைந்தால் குரல் கொடுத்து ஊராரைக் கூப்பிடுவோமே, ஊசியின் வேலை அவ்வளவுதான். ஆள் வந்தால் போதுமா, வெட்டிப் போட மண் வேண்டாமா? அந்த மண் புரதம். தாளில் தடுத்திருப்பதை இன்னொரு முறை பாருங்கள்: தயிர், முட்டை, மீன், பயறு. புரதம் இருக்கிற அத்தனையும் போய்விட்டது. மிச்சம் வெறும் சோறுதான். அப்புறம் புரதத்துக்கு 2,800 ரூபாய் டப்பா!

உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 60 கிராம் புரதம் வேண்டும். நாள் முழுக்கச் சாப்பிடும் சோற்றில் 20 கிராம் தேறினால் அதிகம். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடி பச்சைப்பயறு, அதாவது 50 கிராம், ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 12 கிராம். மத்தியோ கெண்டையோ இரண்டு துண்டு விழுந்தால் இன்னொரு 15 கிராம். ஒரு கிண்ணம் தயிரும் சேர்ந்தால் கணக்கு நெருங்கிவிடும். பயறு வாயு, அது மூட்டில் போய் உட்காரும் என்பார்கள். வயிற்றில் உண்டாகும் வாயுவுக்கு முழங்காலுக்குப் போக வழியே கிடையாது. புது நார் பின்ன வைட்டமின் சி-யும் வேண்டும். தினம் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ பச்சையாகக் கடித்தால் சரி. புளியைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

எனக்கு எரிச்சல் வருகிற இடம் ஒன்று உண்டு. சம்பா அறுப்புக்கு முன்பே ஈர வயலில் உளுந்தும் பயறும் தெளிக்கிற ஊர் உங்களுடையது. அதை மூட்டையோடு வியாபாரிக்குப் போட்டுவிட்டு, வீட்டில் ரேஷன் அரிசி பொங்குகிறோம். ரேஷனிலும் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, துவரம் பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. நாலு பேர் வீட்டுக்கு அது எத்தனை நாள் வரும்? ஆஸ்பத்திரிச் சீட்டிலோ 'நல்லா சாப்பிடவும்' என்று ஒரு வரி. எதைச் சாப்பிடுவது என்று சொல்ல உள்ளே ஆள் கிடையாது. அதனால்தான் வெளியே தாளோடு ஆள் நிற்கிறார்.

சர்க்கரை விஷயத்துக்கு வருவோம். ஒரு முழங்காலுக்கு ஏற்றுகிற குளுக்கோஸ் எல்லாம் சேர்ந்து ஒரு டீஸ்பூன் சர்க்கரை அளவுதான் வரும். கும்பகோணத்தில் ஒரு டிகிரி காபி குடித்தால் அதைவிட அதிகமாகவே உள்ளே போகும். ஆனால் அதே முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் கதை வேறு, சில நாட்களுக்குச் சர்க்கரை எகிறும். அதனால் ஒவ்வொரு முறையும் 'இன்றைக்கு எந்த மருந்து?' என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மூன்று மாதச் சர்க்கரை (HbA1c) 8-ஐத் தாண்டியிருந்தால் நான் ஊசியைத் தள்ளிப்போடுவேன். புண் ஆறாது, சீழ் பிடிக்கும் பயமும் உண்டு. இன்னொன்று, சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வராதீர்கள். மயங்கி விழுந்துவிட்டு ஊசியின் மேல் பழி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இட்லி சாப்பிட்டுவிட்டே வரலாம்.

ஊசி போட்ட இடம் இரண்டு மூன்று நாள் வலிக்கும். அப்போது மெடிக்கலில் போய் 'செட் மாத்திரை' கேட்கக் கூடாது. டைக்ளோபினாக், இப்யூபுரூபன் வகைகள், ஊசி கிளப்பிவிட்ட வேலையையே அடக்கிவிடலாம். பாராசிட்டமால் போதும்.

இதைச் சொன்னாலே ஒரு தப்பு நடக்கிறது. வலி மாத்திரையை நிறுத்து என்றால் டப்பாவில் உள்ள எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 எடுப்பவர்கள் அதை நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்தவர் யாராக இருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாலும், தாள் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. அதுவும் வலி மாத்திரைக் குடும்பம்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். குடும்பம் ஒன்றுதான், வேலை வேறு: அது ரத்தம் உறைவதைத் தடுக்கிறது. வார்பரின் மாதிரி ரத்தம் இளக்கும் மாத்திரை எடுத்தால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். முடிவு இதய டாக்டருடையது, ஊசி போடுகிறவருடையதுகூட அல்ல.

இந்த ஊசி எல்லோருக்கும் கேட்பதில்லை. பலன் இருந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் 2019-இல் அமெரிக்க மூட்டுவாத டாக்டர்கள் சங்கம் (American College of Rheumatology) வெளியிட்ட வழிகாட்டுதல் முழங்கால் தேய்மானத்துக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. நான்கு ஊசிக்கும் அசைவில்லை என்றால் ஐந்தாவதுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

பவுடர் டப்பாவை இன்னும் திறக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். திறந்து சாப்பிட்டு, மூன்றே நாளில் வலி மாயமாகப் போய் முகம் உப்பினால், சர்க்கரை ஏறினால், உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பல நாள் சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று விட்டுவிடாதீர்கள். டப்பாவையும் வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு, உடனே டாக்டர் மேசையில் கொண்டுபோய்க் கொட்டுங்கள்.