கடற்கரை மணலில் விண்ட்சர்ஃபிங் வண்டி: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகள், பட்டறைக்காரரின் பதில்கள்

வேலூர்ப் பக்கத்திலிருந்து கோவளம், மாமல்லபுரம் போய் விண்ட்சர்ஃபிங் (பலகையில் பாய் கட்டிக் காற்றில் ஓடும் கடல் விளையாட்டு) செய்கிற நண்பர்கள், போர்டையும் பாயையும் மணலில் இழுத்துப்போகும் வண்டி பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சத்துவாச்சாரியில் வெல்டிங், லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் பாய் பிடிக்கிறவன். வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, கார் நிற்கிற இடத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் இரண்டு மூன்று நடை தூக்கிக்கொண்டு போகிறேன். வண்டி அவசியமா, தூக்கியே பழகிக்கொள்ளலாமா? – காட்பாடி

தரை கெட்டியாக இருந்து, தூரமும் நூறு மீட்டருக்குள் என்றால் தூக்கலாம் தம்பி. மற்றபடி வண்டி வேண்டும். கற்றுக்கொள்பவர்களின் போர்டு 12, 15 கிலோ இருக்கும். பாய், மாஸ்ட் (பாய்மரக் கம்பம்), பூம் (பாயைப் பிடிக்கும் கைப்பிடிக் கம்பு) எல்லாம் சேர்த்தால் 25 கிலோவைத் தொடும். எடையைக்கூடச் சமாளித்துவிடலாம், காற்றைச் சமாளிப்பதுதான் கஷ்டம். 80 செ.மீ. அகலப் போர்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடக்கும்போது பக்கவாட்டில் ஒரு காற்று அடித்தால் ஆளையே திருப்பிவிடும். கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறுகிற நேரத்தில்தான் நாம் இறங்குவோம். தண்ணீருக்குள் பாயைத் தூக்கி நிறுத்த வேண்டிய முன்கை, கரையிலேயே செத்துப்போகக் கூடாது.

எங்கள் தெருவில் பழைய ஆட்டோ டயர் சும்மா கிடக்கிறது. அதைப் போட்டு ஒரு வண்டி கட்டினால் போதாதா அண்ணே? – ஆற்காடு

இதே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

ஆட்டோ டயர் 4.00-8 அளவு. உயரம் 40 செ.மீ.க்குப் பக்கத்தில் வரும், அது நல்லதுதான். பெரிய சக்கரம் மேடு பள்ளத்தைச் சுலபமாக ஏறும். ஆனால் அகலம் 10 செ.மீ.தான். அதைவிடப் பெரிய குறை, அதன் சுவர் கெட்டி. அந்த டயர் நூற்றுக்கணக்கான கிலோ தாங்கச் செய்தது. வண்டியும் சேர்த்து நம்முடைய 30 கிலோவுக்கு அது அமுங்கவே அமுங்காது. அமுங்காத சக்கரம் உலர்ந்த மணலில் கத்தி மாதிரி இறங்கும். சரி, காற்றை இறக்கிவிடலாமே என்றால், ரிம்முக்குள் டியூப் நகர்ந்து வால்வு அடியோடு கிழியும்.

மணலுக்கென்று பலூன் சக்கரம் வருகிறது. மெல்லிய, இளகிய பிளாஸ்டிக், 30 செ.மீ. விட்டம், 18 செ.மீ. அகலம் ஒரு நல்ல அளவு. அதில் 2 பி.எஸ்.ஐ. காற்றுதான் வைப்போம். கணக்கைப் பாருங்கள்: 2 பி.எஸ்.ஐ. என்பது சதுர செ.மீ.க்கு 0.14 கிலோ. 30 கிலோ சுமையை இரண்டு சக்கரம் பகிர்ந்தால் ஒன்றுக்கு 15 கிலோ. அதைத் தாங்க, சக்கரம் தானாகவே சுமார் 107 சதுர செ.மீ. பரப்புக்குத் தட்டையாகி மணலில் உட்கார்ந்துகொள்ளும். ஒற்றைக் காலை ஊன்றும்போது நம் பாதம் மணலில் கொடுக்கிற அழுத்தம் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஆக, நம் கால் புதைகிற இடத்திலும் வண்டி மேலேயே மிதந்து வரும்.

காற்றடிக்கப் பெட்ரோல் பங்க்குக்கு மட்டும் போகாதீர்கள். அந்த வேகத்தில் நொடியில் வெடித்துவிடும். சாதாரணக் கைப்பம்பு போதும். கட்டைவிரலால் அழுத்தினால் தாராளமாக உள்ளே போக வேண்டும். வெயிலில் காற்று விரியும் என்பதால் காலையில் கொஞ்சம் குறைவாகவே வையுங்கள்.

ரெடிமேடாக வாங்குவதா, கட்டுவதா? எங்களுடையது சின்னக் கார், டிக்கியில் அடங்க வேண்டும். – பாகாயம்

சக்கரத்தை வாங்குங்கள், சட்டத்தை இங்கேயே கட்டுங்கள் அம்மா. காசு போக வேண்டிய இடம் சக்கரம். மலிவான சக்கரம், விலை உயர்ந்த சட்டம் என்று கட்டிய வண்டிகள் ஷெட்டிலேயே கிடக்கின்றன.

சட்டத்துக்கு விவசாய பி.வி.சி. பைப் போதும். ஒன்றரை அங்குலம், 10 கிலோ அழுத்தம் தாங்கும் பைப்பாகக் கேட்டு வாங்குங்கள். 6 கிலோ பைப்பின் சுவர் மெல்லிசு, டி ஜாயின்ட்டில் விரியும். இருசு பி.வி.சி.யில் கூடாது. 20 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ராடு ஒரே துண்டாகக் குறுக்கே போகட்டும். சக்கரத்துக்குச் சக்கரம் நடு இடைவெளி 65 முதல் 75 செ.மீ. வரை இருந்தால் கவிழாது. ராடின் இரண்டு முனையிலும் துளை போட்டுக் கடையாணி மாதிரி ஒரு எஸ்.எஸ். பின் செருகிவிட்டால், சக்கரத்தைக் கையாலேயே கழற்றலாம். சக்கரம் இரண்டு, சட்டம் ஒன்று. சின்ன டிக்கியிலும் போகும்.

போர்டை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். இருசு சரியாக நடுவில் வந்தால் நடக்கும்போது முன்னும் பின்னும் ஊஞ்சலாடும். மொத்தச் சுமையின் நடு, இருசுக்கு ஒரு சாண் முன்னால் இருக்கட்டும். கையில் இரண்டு மூன்று கிலோ மட்டும் தெரியும். அதுதான் சரியான அளவு. ஃபின்னை (போர்டின் அடியில் இருக்கும் துடுப்பு) கழற்றிவிட்டோ, போர்டைக் கவிழ்த்தோ வையுங்கள். அப்புறம், மணலில் தள்ளாதீர்கள், முன்னால் கயிறு கட்டி இழுங்கள். தள்ளினால் சக்கரம் மண்ணுக்குள் அமுங்கும், கயிற்றைக் கொஞ்சம் மேல்நோக்கி இழுத்தால் எழும்பும்.

சார், பி.வி.சி. மேல் நம்பிக்கை இல்லை. ஜி.ஐ.யா, எஸ்.எஸ்.ஸா? எஸ்.எஸ்.ஸில் 304 ரகம் போதுமா? – ராணிப்பேட்டை

ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, வேண்டாம். வெல்டு வைக்கிற இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், உப்பு அங்கேதான் முதலில் கடிக்கும். அந்தப் புகையும் ஆகாது, ஜி.ஐ.யை வெல்டு செய்துவிட்டு ராத்திரி குளிர்காய்ச்சலில் படுத்த பையன்கள் பட்டறைத் தொழிலில் உண்டு. 304 போதும், ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவினால். டீக்கறை மாதிரி பழுப்பு வரும், அதனால் பலம் போகாது. 316 இன்னும் நல்லது, இருசுக்கு மட்டுமாவது போடலாம். உங்கள் ஊரில் டிக் வெல்டிங் பழகிய நல்ல கைகள் நிறைய இருக்கின்றன. வளைத்துக் கொடுத்தால் சுத்தமாக முடித்துத் தருவார்கள்.

அலுமினியத்தையும் எஸ்.எஸ்.ஸையும் நேராக உரசவிடாதீர்கள். உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து இறுகிவிடும், சுத்தியலால்கூடப் பிரிக்க முடியாது. நடுவில் நைலான் வாஷர் போடுங்கள்.

பால் பேரிங் போட்டால் இலகுவாக ஓடுமே? – குடியாத்தம்

முதல் நாள் ஓடும். அடுத்த வாரம் கரகர என்று துரு அரைக்கும். லேத்தில் நைலான் ராடைக் கடைந்து புஷ் (இருசுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வரும் குழாய்) போட்டுக்கொள்ளுங்கள், அரை மி.மீ. லூஸ் விட்டு. கிரீஸ் பூசவே கூடாது. மணல் அதில் ஒட்டி உப்புத்தாள் போல் தேய்க்கும்.

கடல் வரை போய்த்தான் சோதிக்க வேண்டுமா? – வாலாஜா

பாலாறு எதற்கு இருக்கிறது? வறண்ட காலத்தில் ஆற்றுப்படுகை முழுக்க நமக்குச் சோதனைக் களம்தான். 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றை வண்டியில் கட்டி, உலர்ந்த மணலில் ஒரு நூறு மீட்டர் இழுங்கள். திரும்பி நின்று சக்கரத் தடத்தையும் உங்கள் காலடித் தடத்தையும் பாருங்கள். சக்கரத் தடம் ஆழமாக இருந்தால் காற்று அதிகம், இல்லை சக்கரம் சின்னது. காலடி ஆழமாக இருந்து, சக்கரத் தடம் அகலமாக மேலோட்டமாகத் தெரிந்தால் வண்டி தயார். ஆற்று மணல் பருமணல். கடற்கரையின் பொடிமணலில் சக்கரம் இன்னும் கொஞ்சம் புதையும். அதனால் பாலாற்றில் தட்டுத் தடுமாறிப் பாஸான வண்டியைக் கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டாம். கரையோரமாக ஒரு சரிவில் ஏற்றியும் பாருங்கள். இறங்கும்போது வண்டி உங்கள் குதிகாலை இடிக்கிறதென்றால் கயிற்றுக்குப் பதில் கெட்டியான கைப்பிடி வேண்டும்.

மெத்தைக்கு இங்கே தோல் துண்டு நிறைய கிடைக்கிறது, ஒட்டலாமா? அப்புறம், பாயைக் கட்டி முடித்து அப்படியே வண்டியில் எடுத்துப் போகலாமா? – ஆம்பூர்

தோல் வேண்டாம் அண்ணே. உப்புத் தண்ணீரில் நனைந்து காய்ந்தால் விறைத்து, போர்டையே கீறும். ஏசி பைப்புக்குச் சுற்றுகிற கருப்பு ஃபோம் குழாயை மாட்டி, மேலே பழைய சைக்கிள் டியூபை வாராக வெட்டிச் சுற்றுங்கள். லாரிக்குப் போடுகிற ராட்செட் பெல்ட் கூடாது. போர்டின் உள்ளே தெர்மாகோல் போன்ற நுரைதான், மேலே மெல்லிய ஓடு. ராட்செட் இறுக்கினால் விரிசல் விடும். கையால் இழுத்துப் பூட்டுகிற சாதாரண பக்கிள் வார் போதும்.

கட்டிய பாயை எடுத்துப் போகலாம். மாஸ்ட் பக்கம் காற்றைப் பார்த்து இருக்க வேண்டும், பாயின் வால் காற்று போகிற பக்கம். மாற்றி வைத்தால் காற்று அடியில் புகுந்து வண்டியோடு தூக்கும். சும்மா வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

காரின் மேல் போர்டைக் கட்டி வேலூர் வெயிலில் நிறுத்தலாமா? – வாணியம்பாடி

கூடாது. உள்ளே காற்று விரிந்து ஓடு நுரையிலிருந்து பிரியும். கருப்பு உறை இன்னும் மோசம். நிழலில் நிறுத்துங்கள், வெள்ளித்தாள் உறை போடுங்கள். போர்டில் காற்றுத் திருகு இருந்தால் பயணத்தில் தளர்த்தி, தண்ணீரில் இறங்குமுன் மறக்காமல் இறுக்குங்கள்.

சாயங்காலம் இருட்டியபின் திரும்புகிறோம். ஆமை முட்டை இடுகிற இடம் என்கிறார்களே? – சத்துவாச்சாரி

ஆமாம் தங்கச்சி. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் நம் கரையில் முட்டையிட ஏறும். அந்த மாதங்களில் வெளிச்சம் இருக்கும்போதே கரையேறி, வந்த தடத்திலேயே வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுங்கள். மேல்மணலில் புது வழி போட வேண்டாம். மீனவர்கள் வலை காயவைத்த இடத்தையும் சுற்றியே போங்கள். அவர்கள் கரை அது.

கார் இல்லை. வண்டியோடு ரயிலில் கொண்டுபோகலாமா அண்ணா? – காட்பாடியில் படிக்கும் மாணவர்

இரண்டு மீட்டருக்கு மேல் நீளமான போர்டு, சென்னை ரயில் கூட்டத்தில் நடக்காத காரியம். போர்டைக் கடற்கரையிலேயே வாடகைக்கு எடுங்கள், அல்லது நாலைந்து பேர் சேர்ந்து அங்கே ஓர் இடத்தில் போட்டு வையுங்கள். சக்கரம் இரண்டையும் காற்றை இறக்கிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம், ராடையும் சட்டத்தையும் போர்டோடு அங்கேயே விட்டுவிடுங்கள். கைப்பம்பை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.