உள்ளூர் மாடும் தோமா நற்செய்தியும்: கேள்வி பதில்

பைபிளில் சேராத, இயேசுவின் மொழிகளைத் தொகுத்த பழைய நூலான தோமா நற்செய்தியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டீர்கள்! பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் பாதிரியாரும் இல்லை, பேராசிரியரும் இல்லை. காப்டிக் என்ற பழைய எகிப்திய மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு இந்த ஒரு நூலோடு மல்லுக்கட்டுகிறவன், அவ்வளவுதான்.

கேள்வி: ஐயா, சபை ஒளித்துவைத்த ஐந்தாவது சுவிசேஷம் இது என்கிறார்களே, உண்மையா?

ஒளித்துவைத்தால் பெயரைக்கூட வெளியே விட்டிருக்கமாட்டார்கள். 3ஆம் நூற்றாண்டிலேயே இப்போலித்து, ஓரிகன் போன்ற சபைத் தந்தையர் இதைப் பேர் சொல்லிக் கண்டித்திருக்கிறார்கள். சபை இதை ஏற்கவில்லை என்பது உண்மை. ஏற்காத நூலைப் படியெடுக்க ஆளில்லாமல் போனது, பிறகு தொலைந்தும் போனது. 1945இல் மேல் எகிப்தில் நாக் ஹம்மாதி அருகே காப்டிக் ஏடுகள், அதாவது கட்டிய கையெழுத்துப் புத்தகங்கள், 13 கிடைத்தன. அவற்றில் இரண்டாம் ஏட்டின் இரண்டாவது நூல் இது.

திறந்து பார்த்தால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். பிறப்பு, அற்புதம், சிலுவை, உயிர்த்தெழுதல் எதுவும் கிடையாது. ‘இயேசு சொன்னார்’ என்று தொடங்கும் வாக்கியங்கள்தான் வரிசையாக வரும். அறிஞர்கள் 114 என்று எண் போட்டிருக்கிறார்கள். குறளுக்காவது அதிகாரம் உண்டு, இதில் அதுவும் இல்லை.

கேள்வி: ஜாடிக்குள் புதையல் மாதிரி கிடைத்த கதை நிஜமா?

முகமது அலி அல்-சம்மான் என்ற விவசாயி உரமண் தோண்டப் போனார், ஜாடி கிடைத்தது, உள்ளே பூதம் இருக்குமோ என்று பயந்தார், தங்கம் இருக்கலாம் என்று உடைத்தார், அவர் அம்மா சில தாள்களை அடுப்பெரிக்கப் போட்டார். நடுவில் ஒரு பழிக்குப்பழிக் கொலை வேறு. ஜேம்ஸ் ராபின்சன் என்ற அமெரிக்க அறிஞர் பல வருடம் கழித்து விசாரித்துத் தொகுத்த கதை இது. சொல்லச் சொல்ல விவரங்கள் மாறுகின்றன என்று 2013, 2014 வாக்கில் புதிய ஏற்பாட்டு அறிஞர் மார்க் குட்ஏக்கரும் வேறு சிலரும் கட்டுரை எழுதினார்கள். எனக்கும் கதை கொஞ்சம் அதிகமாகவே ருசிக்கிறது.

எனக்கு அதைவிடச் சுவையான சாட்சி தோல் அட்டைக்குள் இருக்கிறது. அட்டை விறைப்பாக நிற்க உள்ளே பழைய பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டுகளைத் திணித்து ஒட்டியிருக்கிறார்கள். ஏழாம் ஏட்டின் அட்டைக்குள் கிடைத்த ரசீதுகளில் 341, 346, 348 என்று ஆண்டுகள் தெரிகின்றன. அப்படியானால் அந்த ஏடு 348க்கு முன்னால் கட்டப்பட்டிருக்க முடியாது.

கேள்வி: 4ஆம் நூற்றாண்டு ஏட்டை வைத்துக்கொண்டு ஆதிக் கிறிஸ்தவ நூல் என்று எப்படிச் சொல்ல முடியும்?

குப்பைமேட்டை வைத்துத்தான். எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேடுகளை கிரென்ஃபெல், ஹண்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் தோண்டினார்கள். 1897இல் ஒரு கிரேக்கத் துண்டையும், 1904இல் இன்னும் இரண்டையும் வெளியிட்டார்கள். ‘இயேசுவின் மொழிகள்’ என்று தெரிந்தது, எந்த நூல் என்று தெரியவில்லை. காப்டிக் ஏடு கிடைத்த பிறகுதான், மூன்றும் தோமாவின் துண்டுகள் என்று பிரெஞ்சு அறிஞர் பூயெக் கண்டுபிடித்தார். அரை நூற்றாண்டாகக் கையில் இருந்த நூலை அதுவரை அடையாளம் தெரியவில்லை!

மூன்றும் மூன்று வேறு பிரதிகள். அதில் ஒன்றை யாரோ பழைய நில அளவைப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். மிகப் பழைய துண்டு ஏறத்தாழ கி.பி. 200ஐச் சேர்ந்தது. ஆக, அதற்கு முன்பே நூல் கிரேக்கத்தில் இருந்தது.

ஆனால் இதே நூல்தானா? ‘மரத்தைப் பிளந்து பார், நான் அங்கிருக்கிறேன், கல்லைத் தூக்கிப் பார், அங்கே என்னைக் காண்பாய்’ என்ற வாசகம் காப்டிக்கில் 77இல் இருக்கிறது. கிரேக்கத் துண்டில் அது 30ஆம் வாசகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. படியெடுத்தவர்கள் இடம் மாற்றியிருக்கிறார்கள். ஆகவே ‘தோமா இப்படிச் சொல்கிறது’ என்று யாராவது சொன்னால், எந்தப் பிரதி என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: இறையியல் மாணவன் நான். இந்த நூல் மாற்கு, லூக்காவுக்கு முந்தியதா, பிந்தியதா? வகுப்பில் ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.

தம்பி, வகுப்பில் மட்டுமா? ஹார்வர்டில் இருந்த ஹெல்முட் கோஸ்டர் 1ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதிக்கே கொண்டுபோனார். நிக்கலஸ் பெரின் 175க்குப் பிந்தியது, முதலில் சிரியாக் மொழியில் எழுதப்பட்டது என்கிறார். கேம்பிரிட்ஜின் சைமன் கேதர்கோல் 135க்கும் 200க்கும் இடையில் வைக்கிறார்.

ஒரே ஒரு வாசகத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் தமிழ் பைபிளே போதும். மாற்கு 6:4இல் தீர்க்கதரிசி தன் ஊரிலேயன்றி வேறெங்கும் ‘கனவீனமடையான்’ என்று இருக்கிறது. லூக்கா 4:24இல் தன் ஊரிலே ‘அங்கீகரிக்கப்படமாட்டான்’. நம் ஊர்ப் பாஷையில் இரண்டுக்கும் ஒரே பொருள்தான்: உள்ளூர் மாடு விலை போகாது. ஆனால் கிரேக்கச் சொல் வேறு. மாற்கில் ‘அதிமோஸ்’, லூக்காவில் ‘தெக்தோஸ்’. பெரும்பாலான அறிஞர்கள் கருத்துப்படி, லூக்கா மாற்கைப் பார்த்து எழுதியவர், சொல்லை மாற்றியவர். இப்போது தோமா 31இன் கிரேக்கத் துண்டைப் பாருங்கள். அங்கே இருப்பது ‘தெக்தோஸ்’, லூக்காவின் சொல். அடுத்த வரியில், வைத்தியன் தன்னை அறிந்தவர்களைக் குணமாக்குவதில்லை என்று வருகிறது. லூக்காவில் முந்தின வசனம் என்ன? ‘வைத்தியனே, உன்னைத்தானே குணமாக்கிக்கொள்.’ ஊர், தீர்க்கதரிசி, வைத்தியன் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் தற்செயலாக வந்து உட்காருமா? தோமா லூக்காவுக்குப் பிந்தியது என்பதற்குக் குட்ஏக்கரும் கேதர்கோலும் இந்த மாதிரி இடங்களைத்தான் காட்டுகிறார்கள்.

எதிர்த்தரப்பிடமும் நல்ல சீட்டு உண்டு. திராட்சைத் தோட்டக் குத்தகைக்காரர் உவமை மாற்கில் பழைய ஏற்பாட்டு ஏசாயாவின் வேலி, ஆலை, கோபுரத்தோடு வருகிறது. தோமா 65இல் அது எதுவும் இல்லாத மொட்டைக் கதை. எளிமையானதுதான் பழையது என்பது அவர்கள் வாதம். லூக்காவின் சொல் வந்தது எப்படி என்றால், லூக்காவை மனப்பாடமாகத் தெரிந்த எழுத்தர்கள் கை தவறிக் கலந்துவிட்டார்கள் என்பார்கள். ஏப்ரல் டிகோனிக், சிறிய தொகுப்பொன்று சில தலைமுறைகளாக வளர்ந்து இப்படி ஆனது என்கிறார்.

நான் 2ஆம் நூற்றாண்டுப் பக்கம். சில வாசகங்கள் அதைவிடப் பழையவையாக இருக்கலாம், ஆனால் அதை ஒவ்வொன்றாகத்தான் நிரூபிக்க வேண்டும்.

இன்னொன்று. அந்த 65இல் தோட்டத்துச் சொந்தக்காரனை விவரிக்கும் சொல்லின் நடுவே ஏட்டில் ஓட்டை. ஒரு விதமாக நிரப்பினால் ‘நல்ல மனிதன்’, இன்னொரு விதமாக நிரப்பினால் ‘வட்டிக்குக் கொடுப்பவன்’! உவமை யார் பக்கம் நிற்கிறது என்பது ஓரிரு எழுத்தில் தொங்குகிறது. இதை வைத்து ஒரு செமினார் கட்டுரை எழுதிவிடுங்கள்.

கேள்வி: இது ஞானவாதிகளின் நூல்தானே?

ஞானவாதிகள் என்றால் ரகசிய அறிவால் மீட்பு கிடைக்கும் என்று நம்பிய பழைய குழுக்கள். உலகத்தைப் படைத்தது ஒரு கீழ்த்தரமான தெய்வம் என்ற ஞானவாதக் கதை இதில் இல்லை. உன்னை நீ அறி, ராஜ்யம் உனக்குள்ளும் வெளியிலும் இருக்கிறது என்ற பேச்சு உண்டு. அதற்காக முத்திரை குத்த வேண்டுமா? ‘ஞானவாதம்’ என்ற சொல்லே உதவாது என்று மைக்கேல் வில்லியம்ஸ் 1996இல் புத்தகம் போட்ட பிறகு பலரும் ஜாக்கிரதையாகிவிட்டார்கள்.

கேள்வி: நான் பரங்கிமலைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். நம்ம தோமையார் எழுதியதா?

அவர் பெயரில் எழுதப்பட்டது. ‘திதிமோஸ் யூதா தோமா’ என்று முதல் வரியில் இருக்கிறது. திதிமோஸ் கிரேக்கத்தில் இரட்டையன், தோமா அரமேயத்தில் இரட்டையன். யூதா ஒன்றுதான் பெயர். ‘யூதா தோமா’ என்று அழைப்பது சிரியாப் பக்கத்து வழக்கம், அதனால் நூலும் அங்கே பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவுக்கு வந்த கதை ‘தோமாவின் பணிகள்’ என்ற வேறொரு நூலில் இருக்கிறது. இந்த நற்செய்தியில் இந்தியா என்ற சொல்லே கிடையாது. களிமண் குருவியைப் பறக்கவிடும் குழந்தை இயேசு கதை மூன்றாவதாக இன்னொரு தோமா நூல். மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அண்ணா, கடைசி வாசகத்தைப் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். பெண்ணை ஆணாக்குவாராமே?

கோபம் நியாயம்தான் தங்கச்சி. ‘மரியாள் போய்விடட்டும், பெண்கள் வாழ்வுக்குத் தகுதியற்றவர்கள்’ என்கிறார் பேதுரு. இயேசு அவளை ஆணாக்கி அழைத்துச் செல்வதாகச் சொல்கிறார். பேதுருவை அவர் மறுக்கிறார் என்பது ஒரு பக்கம். ஆண் என்றால் முழுமை, பெண் என்றால் குறை என்று அக்காலத்தில் இருந்த பார்வையை அவர் வாயிலேயே வைத்திருக்கிறார்கள் என்பது இன்னொரு பக்கம். 22ஆம் வாசகமோ ஆணும் ஆணாக இல்லாமல், பெண்ணும் பெண்ணாக இல்லாமல் ஒன்றாக வேண்டும் என்கிறது. 114ஐ யாரோ பிற்காலத்தில் கடைசியில் ஒட்டினார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். வசதியான விளக்கம், அதனாலேயே எனக்குச் சந்தேகம். 97ஐப் படியுங்கள்: மாவுக் குடத்தோடு நெடுந்தூரம் நடக்கும் பெண், பின்னால் மாவு சிந்துவது அவளுக்குத் தெரியாது, வீட்டில் இறக்கி வைத்தால் குடம் காலி. நான்கு நற்செய்திகளிலும் இது இல்லை.

கேள்வி: காப்டிக் படிக்க ஆசை. இணையத்தில் இலவசமாக இருக்கும் வரிக்கு வரி மொழிபெயர்ப்பு போதுமா?

தொடங்குவதற்குத் தாராளமாகப் போதும். கிரேக்க எழுத்தோடு எகிப்திய எழுத்து ஆறைச் சேர்த்துக்கொண்டால் சாகிதிக் என்ற காப்டிக் வட்டார வழக்கை எழுத்துக்கூட்டிவிடலாம். ஆனால் அச்சுப்பிழையையும் சேர்த்துக் கற்காதீர்கள். 2012இல் ஹார்வர்டின் கேரன் கிங், இயேசு ‘என் மனைவி’ என்று சொல்லும் ஒரு காப்டிக் துண்டை ரோமில் அறிவித்தார். உலகமே பரபரத்தது. பாப்பிரஸ் பழையதுதான். ஆனால் வரிகள் பெரும்பாலும் தோமாவிலிருந்து வெட்டி ஒட்டியவை என்று பிரான்சிஸ் வாட்சன் காட்டினார். அப்புறம் ஆண்ட்ரூ பெர்ன்ஹார்ட் இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். இணையத்தில் இருந்த அந்த வரிக்கு வரிப் பதிப்பில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதே இடத்தில் அதே எழுத்து துண்டிலும் இல்லை. 2016இல் கிங்கும் அது போலியாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொண்டார்.