பின்சீட்டில் பிள்ளை இருக்கும்போது வசவுக்கு மாற்று

வண்டி ஓட்டும்போது வாயில் வரும் வசவுக்குப் பதிலாக, பிள்ளை கேட்டாலும் பரவாயில்லாத சொல் எது என்று கேட்டிருந்தீர்கள். குறுக்கே வண்டியை விடுபவருக்கு 'கொர்நிஷோன்' போதும். பிரெஞ்சில் ஊறுகாய் போடும் குட்டி வெள்ளரிக்காய். மக்குப் பயலே என்கிற அளவுதான் காரம். ஜெர்மனில் 'பாப்நாசெ', காகித அட்டை மூக்கன். பிள்ளை திருப்பிச் சொன்னாலும் பள்ளியிலிருந்து புகார் வராது.

'முட்டாள்' என்று மாற்றிப் பார்த்தும் பழையதே வாயில் வருகிறது என்கிறீர்கள். முதல் ஒலி ஒட்டாததுதான் காரணமாக இருக்கும். ஸ்பானியர்கள் கெட்ட வார்த்தையை 'மியெர்...' என்று தொடங்கி, சட்டென்று 'மியேர்கொலெஸ்' என்று திருப்பிவிடுவார்கள். வெறும் புதன்கிழமை! உங்கள் வழக்கமான வசவின் ஒலியிலேயே தொடங்கும் சொல்லைப் பிடித்து, சிக்னலில் நிற்கும்போது சொல்லிப் பாருங்கள். வாய் தடுக்கினால் வேறு சொல்.

முட்டாள் என்று பொருள்படும் ஜப்பானிய 'பாக்கா' வேண்டாம், அனிமே எனும் ஜப்பானியக் கார்ட்டூன் பார்க்கும் பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியும். அப்புறம், பிரெஞ்சு தெரிந்தவர் காதில் விழுந்தால் கொர்நிஷோனும் வசவுதான். புதுச்சேரிப் பக்கம் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொல்லுங்கள்.