அப்பா "குழாய் வேணாம்" என்று சொன்ன நாள்

கடைசிக்கால சிகிச்சை பற்றி நோயாளியும் டாக்டரும் முன்பே பேசிவைப்பதால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. பேசாமல் விட்டதையும் பேசிவைத்ததையும் எங்கள் குடும்பத்திலேயே பார்த்துவிட்டேன்.

பெரியப்பா பக்கவாதத்தில் நினைவிழந்தபோது அவருடைய விருப்பம் யாருக்கும் தெரியாது. வென்டிலேட்டரில் 17 நாள் இருந்தார். "எடுத்துடலாமா" என்று கேட்ட மகனும் "கூடவே கூடாது" என்ற மகனும் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அப்பாவுக்கு சிஓபிடி, பீடி கொடுத்த நுரையீரல் நோய். இரண்டாவது முறை அட்மிட் ஆகித் தேறியதும், டாக்டர் எங்களைத் தனியே கூப்பிடாமல் அவரிடமே கேட்டார். "ஐயா, அடுத்த தடவை மூச்சு முட்டினா மாஸ்க் வெச்சு மெஷின்ல காத்து கொடுக்கலாம். அதுக்கும் அடங்கலேன்னா தொண்டையில குழாய் இறக்கணும். உங்க நுரையீரலுக்கு அப்புறம் அதை எடுக்கிறது கஷ்டமாகலாம். உங்களுக்கு எது சரின்னு படுது?"

அப்பா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "மாஸ்க் வைங்க. குழாய் வேணாம். பேச முடியாம கிடக்கக் கூடாது, டாக்டர்."

அம்மா அழுதார். நானும்தான். டாக்டர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதினார்.

அப்புறம்தான் காகிதம். நினைவு தப்பினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதிவைக்கும் பத்திரத்துக்கு 'லிவிங் வில்' என்று பெயர். அதை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்ற சிக்கலை 2023இல் தளர்த்தி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியும் போதும் என்றது. நினைவு இருக்கும்வரை நம் வாய்ச்சொல்தான் செல்லும், எப்போதும் மாற்றிக்கொள்ளலாம். நினைவு தப்பிய பிறகும் காகிதத்தைக் காட்டியதும் சிகிச்சையை நிறுத்திவிட மாட்டார்கள், இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும். டாக்டர்கள் தாமாக இந்தப் பேச்சை எடுக்கத் தயங்குவார்கள், நீங்களே கேளுங்கள்.

ஆறு மாதம் கழித்து ஒரு ராத்திரி, அப்பாவை அறியாத டியூட்டி டாக்டர் குழாய் போடக் கையெழுத்து கேட்டார். அப்பா கையை அசைத்து மறுத்தார், நான் ஃபைலைக் காட்டினேன். துபாயிலிருந்து அண்ணன் போனில் "எல்லாம் பண்ணச் சொல்லுடா" என்று கத்தினான். "அப்பாவே டாக்டர்கிட்ட சொன்னதுண்ணா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி, அவர் பக்கத்துலயே இரு" என்றான்.

மாஸ்க்கோடு மூன்று நாள். திணறல் தெரியாமலிருக்கக் கொஞ்சமாக மார்ஃபின் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் மாஸ்க்கை எடுத்தபோது ஸ்பூனில் காபி குடித்தார். என் மகளைக் கூப்பிட்டு, பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டார்.