உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம்

அன்புள்ள ஐயா,
என் மாமி அமெரிக்காவில் ஒரு மாநில அரசு அலுவலகத்தில் சிறார் நீதிக்கான மானியத் திட்டங்களை இருபத்தைந்து வருடம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றிருக்கிறார். கொழும்புக்கு வந்தவரிடம், எத்தனை பிள்ளைகளைத் திருத்தினீர்கள் என்று கேட்டேன். "ஒரு பிள்ளையோடும் பேசியதில்லை, எல்லாம் அலுவலகக் கோவைதான்" என்று சிரித்தார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கணக்கெழுதியதற்கா இவ்வளவு பெருமைப்பட்டோம்?
— ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

அன்புள்ள தங்கைக்கு,

மாமி அடக்கத்தில் சொன்னதை நீங்கள் அப்படியே நம்பிவிட்டீர்கள்.

அந்த நாட்டில் 1974இல் வந்த சிறார் நீதிச் சட்டத்தின்படி மத்திய அரசு மாநிலங்களுக்குப் பணம் தருகிறது, நிபந்தனையோடு. பாடசாலைக்குப் போகாததற்கும் வீட்டை விட்டு ஓடியதற்கும் பிள்ளையை அடைத்துவைக்கக் கூடாது. வளர்ந்த கைதிகளின் கண்ணிலும் காதிலும் படும்படி வைக்கக் கூடாது. 1980இல் இன்னொன்று சேர்ந்தது: பெரியவர்களின் சிறையிலேயே வைக்கக் கூடாது. பதிவு வேலைகளுக்கென்று வைத்தாலும் பொதுவாக ஆறு மணித்தியாலந்தான். இவை உட்பட நான்கு முக்கிய நிபந்தனைகளில் ஒன்று தவறினால் அந்த மானியத்தில் 20 சதவீதம் போய்விடும்.

ஆகவே யாராவது சிறைப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். பிறந்த திகதி, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். ஆறே கால் என்று வந்தால் அதை எழுதிவைக்க வேண்டும். யாரோ கழித்துப் பார்க்கிறார் என்று தெரிந்த காவலர்தான் ஐந்தாவது மணித்தியாலத்தில் பையனின் தாய்க்கு ஃபோன் செய்வார். அந்தப் பையனை மாமி எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

நம்மிடம் சட்டத்துக்குக் குறைவில்லை. பொலிஸ் நிலையத்தில் பிள்ளையைப் பெரியவர்களோடு சேரவிடக் கூடாது என்பது 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதன் வாலில் பணத்தைக் கட்டிவைக்கத்தான் எவருக்கும் தோன்றவில்லை.

கோவையை நான் புகழ்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். கொழும்பில் ஒரு திணைக்களத்தில் இலிகிதராக இருந்தபோது, நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவரின் பயணப்படி வவுச்சரை மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். ஒரு தடவை திகதி அடித்துத் திருத்தப்பட்டிருந்தது, ஒரு தடவை கையொப்பம் கோட்டுக்கு வெளியே. நான்காம் தடவை அவரே வந்தார். சப்பாத்தின் அடி பிளந்து நூலால் கட்டியிருந்தது. சிறுவர் இல்லத்தில் இருந்த ஒரு பொடியனைப் பார்க்க நான்கு மாதமாகச் சொந்தக் காசில் பஸ் ஏறியிருக்கிறார். கடைசி மாதம் காசில்லாமல் போகவில்லை. பொடியன் வாசலிலேயே நின்றானாம். அவர் கோபிக்கவுமில்லை, பேனையைக் கேட்டு வாங்கி, கோட்டுக்குள் கையொப்பமிட்டார்.

மாமி திரும்பிப் போவதற்குள் இன்னொரு தடவை கேளுங்கள். எத்தனை பிள்ளைகள் என்று வேண்டாம். எந்தக் கோவையைத் திருப்பி அனுப்பினீர்கள், எதைத் திருப்பி அனுப்பாமல் விட்டீர்கள் என்று கேளுங்கள். தேநீர் போட்டு வைத்துக்கொண்டு கேளுங்கள், கதை நீளும்.